வெறுங்கூடையும் அறுப்பின் பண்டிகையும்

வெலிமடைப் பிரதேசத்து ஆலயங்களில் அறுப்பின் பண்டிகை என்றால் உள்ளே கால்வைக்க இடமிராது. பீடத்தின் படிகளில் கரட், லீக்ஸ், கோவா, பீட்ரூட், போஞ்சி, உருளைக்கிழங்கு என்று குவிந்து கிடக்கும். தோட்டத்து லயங்களிலிருந்து வருகிறவர்கள் வீட்டின் பின்புறத்து வாழைக்குலையையோ நாலு கோழிமுட்டையையோ கொண்டுவருவார்கள். கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்தில் யாரும் திரும்பிப் பாராத கோணல் கரட்டுக்கும் அன்று மரியாதை உண்டு. ஆராதனைக்குப் பின் ஏலம் நடக்கும். ஒரு பூசணிக்காய் சந்தை விலையிலும் பல மடங்குக்குப் போகும். வாங்கியவரே அதை மறுபடி ஏலத்துக்கு விடுவார்.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியின்போது நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மண்சரிவால் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. அதன் பின்னர், உறவினர் வீடொன்றில் ஒண்டியிருந்த ஒரு விவசாயக் குடும்பத்தைப் பார்க்கப் போயிருந்தோம். பேச்சோடு பேச்சாக, "பண்டிகைக்கு வருவீங்கதானே?" என்று கேட்டுவிட்டோம். குடும்பத் தலைவர், "இந்த வருசம் வரமாட்டோம் ஐயா. என்னத்த கொண்டு வாறது? கூடையே இல்லியே" என்றார். "உயிர் தப்பினீங்களே, அதுக்காகவாவது நன்றி சொல்ல வரலாமே" என்றோம். அவர் பதில் சொல்லவில்லை. உள்ளறையின் பக்கம் ஒரு தரம் பார்த்தார். மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் அங்கே படுத்திருந்தார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து இக்கேள்வி எங்களை விட்டுப் போகவில்லை. காணி போய், பயிர் போய், சில வீடுகளில் ஆளும் போன பிறகு, "நன்றி சொல்லுங்கள்" என்று திருச்சபை கேட்பது நியாயமா? நியாயமென்றால், எப்படிச் சொல்வது? எங்களுக்கு விளங்கியமட்டும் இங்கே எழுதுகிறோம்.

எங்கள் பிழை

உயிர் தப்பியவர் நன்றி சொல்வது தவறல்ல. மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுக்கப்பட்டவன் கைகூப்பாமல் வேறென்ன செய்வான்? ஆனால் தப்பியவருக்கு அதைச் சொல்லிக் கொடுக்க நாங்கள் யார்? "கடவுள் உங்களைக் காப்பாற்றினார்" என்று நாங்கள் ஓரறையில் சொல்லும்போது, அடுத்த அறையில் இருப்பவருக்கு, "உன் பிள்ளையைக் கைவிட்டார்" என்று கேட்கிறது. யோபுவின் நண்பர்கள் செய்ததும் ஏறக்குறைய இதுவே. முதல் 7 நாட்கள் அவர்கள் வாய் திறவாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் கெட்டுப்போனார்கள். கடைசியில் கடவுளின் கோபம் யோபுவின் முறைப்பாட்டின்மேல் வரவில்லை, நண்பர்களின் விளக்கத்தின்மேல்தான் வந்தது.

தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதிய முதலாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தை வைத்தே பெரும்பாலும் நாம் இப்படிப் பேசுகிறோம். அங்கே அவர் நன்றி செலுத்தச் சொல்வது எல்லாவற்றிலும், அதாவது எந்த நிலையில் இருந்தாலும் என்ற பொருளில். மண்சரிவுக்காக நன்றி சொல் என்று அவர் சொல்லவில்லை. மண்சரிவுக்கு நடுவிலும் நன்றியின் வாசல் அடைபடவில்லை என்கிறார். எபேசியருக்கு எழுதியதில் எல்லாவற்றிற்காகவும் என்று வருகிறதே என்று கேட்கும் உபதேசிமார் உண்டு. உண்மைதான். ஆனால் அங்கும் கூடிப் பாடி மகிழும் சபையைப் பற்றித்தான் பேச்சு. அதை எடுத்துக்கொண்டு பிள்ளையைப் புதைத்த வீட்டுக்குப் போவது பவுலின் வேலையல்ல.

சங்கீதங்களை எடுத்துப் பாருங்கள். 150இல் மூன்றிலொரு பங்குக்கு மேல் முறைப்பாடும் புலம்பலும்தான். ஆண்டவரே ஏன் தூங்குகிறீர் என்றுகூட ஒரு சங்கீதம் கேட்கிறது. நாம் ஆலயத்தில் பாடுவதற்குத் தெரிந்தெடுப்பவை மட்டும் ஏனோ மகிழ்ச்சியானவையாகவே இருக்கின்றன.

கூடையோடு சொல்லப்பட்ட கதை

இனி அறுப்பின் பண்டிகைக்கு வருவோம். முதற்பலனைக் கொண்டுவரும் முறை உபாகமம் 26ஆம் அதிகாரத்தில் விபரமாக இருக்கிறது. விவசாயி தன் நிலத்தின் முதல் விளைச்சலை ஒரு கூடையில் வைத்து ஆசாரியனிடம் கொடுக்க வேண்டும். கூடை கீழே வைக்கப்பட்டதும் அவன் வாய் திறந்து பேச வேண்டும். அங்கே என்ன சொல்வான் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்? மழைக்கு நன்றி, விளைச்சலுக்கு நன்றி என்றா?

அப்படியில்லை. என் தகப்பன் ஒரு நாடோடி என்று தொடங்குகிறான். ஒரு சிறு கூட்டமாய் எகிப்துக்குப் பிழைக்கப் போனோம், அந்நியராய் இருந்தோம், அவர்கள் எங்களைக் கடின வேலை வாங்கி ஒடுக்கினார்கள், நாங்கள் கூக்குரலிட்டோம், அது கேட்கப்பட்டது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறான். அதற்குப் பிறகே இந்தக் காணியும் இந்தக் கூடையும் வருகின்றன. தகப்பனைப் பற்றிச் சொல்ல அங்கே நிற்கும் எபிரெயச் சொல்லுக்கு அலைந்து திரிகிறவன் என்றும் அழிந்து போகிறவன் என்றும் இரண்டு பொருள். நமது பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இரண்டாவது பொருளை எடுத்துக்கொண்டது. வீட்டை விட்டு ஓடியவர்களுக்கு இவ்விரண்டும் ஒரே சொல்லாயிருப்பது விசித்திரமாகத் தோன்றாது.

ஆகவே வேதாகமத்தின் அறுப்புப் பண்டிகையில், இடம்பெயர்ந்த கதையைச் சொல்லாமல் நன்றி இல்லை. கண்ணீரைத் துடைத்துவிட்டு வா என்று அந்த விவசாயிக்குச் சொல்லப்படவில்லை. ஒடுக்கப்பட்டதையும் அழுததையும் பீடத்தின் முன் உரத்துச் சொல்லும்படி கட்டளையிடப்படுகிறது.

அதே பகுதியின் முடிவில் இன்னொன்றும் இருக்கிறது. நாங்கள் பல வருடம் வாசித்தும் கவனியாமல் போன இடம் அது. அந்த விழாவில் யார் யார் மகிழ்ந்திருக்க வேண்டும் என்று சொல்லும்போது, காணிக்காரனோடு லேவியனும் அந்நியனும் சேர்க்கப்படுகிறார்கள். லேவியனுக்குப் பங்கு பிரித்த நிலமில்லை. அந்நியனுக்கும் இல்லை. அவர்களிடம் கூடை இல்லை, இருக்கவும் முடியாது. இருந்தும் அவர்களுக்குரிய இடம் சட்டத்திலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அடுத்த வசனங்கள் அனாதையையும் விதவையையும் சேர்த்துக்கொள்கின்றன.

வெறுங்கையோடு சந்நிதிக்கு வரலாகாது என்று அதே புத்தகத்தின் 16ஆம் அதிகாரத்தில் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அதற்கு அடுத்த வரியையும் வாசிக்க வேண்டும். தனக்குக் கிடைத்த ஆசீர்வாதத்தின் அளவுக்குத் தக்கதாக என்றுதான் அது முடிகிறது. விளைச்சல் கிடைத்தவனுக்குச் சொன்னதை விளைச்சல் போனவன் தலையில் கட்டலாகாது.

வெலிமடையில் சொல்ல வேண்டிய கதை

அப்படியானால் ஊவாவில் ஒரு கூடை கீழே வைக்கப்படும்போது சொல்லப்பட வேண்டிய கதை எது?

எங்களில் பலருக்கு அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காக மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தவர்களின் கதையாகத் தொடங்கும். பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் இறந்தவர்களுக்குக் கணக்கில்லை. 1869இல் கோப்பிச் செடியில் இலைநோய் கண்டது. பிறகு தேயிலை வந்தது. 1854இல் தோட்டங்களுக்கென்று தொடங்கப்பட்ட தமிழ் மிஷனில் திருநெல்வேலிப் பக்கத்து உபதேசிமார் வந்து மலை மலையாக நடந்தார்கள். 1948இல் குடியுரிமை பறிபோனது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஒரே லயத்தில் இருந்த அண்ணனை அக்கரைக்கும் தம்பியை இக்கரைக்குமாகப் பிரித்தது. 1977இலும் 1983இலும் அடிபட்டு, வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் காணி திருத்தியவர்கள், 2009 வரை நடந்த போரில் அதையும் விட்டு ஓடினார்கள். நாடற்றோராய் எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

பிந்திய பக்கங்கள் உங்களுக்கே தெரியும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்குக் கிட்டிய மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குப் புறப்பட்டிருந்த பிள்ளைகள் சிலர் தப்பினார்கள். வீட்டிலிருந்த பெற்றோர் தப்பவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்துள் நீர் பீறிட, பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகள் வற்றி, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2021இல் இரசாயன உரத்துக்குத் திடீரெனத் தடை வந்தபோது உருளைக்கிழங்குக்காரரும் மரக்கறிக்காரரும் பட்ட பாட்டை வெலிமடையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. உமா ஓயாவிலும் உரத்தடையிலும் நட்டப்பட்டவர்களில் சிங்களக் குடும்பங்களே அதிகம். அவர்களுடைய கதையும் அதே கூடைக்குள் வர வேண்டியதுதான்.

இந்தக் கதையில் நன்றிக்குரியது எதுவுமே இல்லையா? உண்டு. ஆனால் அது கதைக்குள்ளேதான் அகப்படும், கதையை மறைத்தால் அகப்படாது. காட்டுவழியில் களைத்து விழுந்தவளைத் தூக்கி வந்தவர் யார், 1983இல் வீட்டுக்குள் மறைத்து வைத்துச் சோறு போட்ட அயல்வீட்டுச் சிங்களத் தாய் யார், இந்தச் சூறாவளியில் பாதை அறுந்து கிடந்தபோது அரிசியைத் தலையில் சுமந்து வந்த பிள்ளைகள் யார் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் சில முகங்கள் இருக்கும்.

நன்றி ஒரு 'துண்டு' அல்ல

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். நன்றி என்ற சொல்லை வைத்து நம்மை நெடுங்காலம் கட்டிப்போட்டிருந்தார்கள். உப்பிட்டவரை மறக்கலாகாது என்று வளர்ந்தவர்கள் நாம். திருக்குறளில் அதற்கென்று ஓர் அதிகாரமே உண்டு. நல்ல பழக்கம்தான். ஆனால் பழைய தோட்டங்களில் 'துண்டு' என்று ஒன்று இருந்ததை வயதானவர்கள் தங்கள் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருப்பார்கள். தொழிலாளி இவ்வளவு கடன்பட்டிருக்கிறான், அதைக் கட்டினால் அவனை விடுவிப்போம் என்று எழுதிய ஒரு கடதாசிதான் அது. வேறு தோட்டம் அவனை எடுக்கும்போது அந்தக் கடனைக் கட்டும். அத்தொகை புதிய இடத்தில் அவன் பேரில் ஏறும். தோட்டம் மாறினாலும் கடன் கூடவே வரும். 1921இல் சட்டத்தின் மூலம் அது ஒழிக்கப்பட்டது.

கடதாசி ஒழிந்தாலும் அந்த மனநிலை இன்னும் ஒழியவில்லை. நிவாரணப் பொதி கொடுப்பவர் படம் எடுக்க நிற்கும்போது நாம் குனிந்து நிற்கிறோம். 7 பேர்ச் காணிக்கு மாலை போடுகிறோம். அதன் உறுதி எப்போது கைக்கு வரும் என்று கேட்டால் நன்றிகெட்டவர்கள் என்பார்களோ என்று பயப்படுகிறோம். மீரியபெத்தை ஆபத்தான இடம், மக்களை அகற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. அவர்களுக்கு மாற்று வீடுகள் கிடைத்தது 2016இல், மண் சரிந்து இரண்டு வருடங்களுக்குப் பிறகு. அவ்வீடுகளுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லலாம், சொல்லவும் வேண்டும். முன்னரே ஏன் தரவில்லை என்று கேட்பதை அந்த நன்றி தடைசெய்யாது. எகிப்தில் ஒடுக்கப்பட்டதைப் பீடத்தின் முன்னாலேயே சொன்ன விவசாயியை நினைத்துக்கொள்ளுங்கள். சேதமதிப்பீடு, மாற்றுக்காணி, காணி உறுதி ஆகியவற்றுக்காகக் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் எழுத்தில் விண்ணப்பித்து, பிரதியொன்றைக் கையில் வைத்திருங்கள். அது நன்றியீனம் ஆகாது.

கடவுளுக்குச் சொல்லும் நன்றி துண்டில் ஏற்றிய கடன் போன்றதன்று. அவர் ஏற்கெனவே கொடுத்ததைக் கணக்கில் வைத்து நம்மை வேலை வாங்குபவரல்லர். இயேசு அப்பத்தை எடுத்து நன்றி செலுத்தியது, காட்டிக் கொடுக்கப்பட்ட அந்த இரவில். நாம் திருவிருந்து என்று சொல்வதற்குக் கிரேக்கத்தில் வழங்கும் பெயரின் பொருளே நன்றி செலுத்துதல் என்பதுதான். அந்த மேசையிலிருந்து எழுந்து தோட்டத்துக்குப் போய், இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக் கூடாதா என்று முகங்குப்புற விழுந்து கேட்டவரும் அவர்தான். நன்றியும் மறுப்பும் ஒரே இரவில், ஒரே வாயிலிருந்து வந்தன.

சாப்பாட்டு மேசையில் பிறந்த பாட்டு

தூரதேசத்து உதாரணம் ஒன்று. ஜெர்மனியில் 1618 முதல் 1648 வரை முப்பதாண்டுப் போர் நடந்தது. எய்லன்பூர்க் என்ற சிறு பட்டணத்துக்கு மதில் இருந்தபடியால் சுற்றுப்புறத்துக் குடியானவர்கள் ஊரைவிட்டு ஓடிவந்து அதற்குள் அடைந்தார்கள். நெரிசலிலும் பட்டினியிலும் 1637இல் கொள்ளைநோய் கிளம்பியது. மார்ட்டின் ரிங்கார்ட் என்பவர் அங்கே போதகர். மற்றப் போதகர்கள் இறந்தும் ஓடியும் போக, தனியாளாக 4,000க்கும் மேற்பட்டோரை அடக்கம் செய்தார். அவர்களுள் அவருடைய மனைவியும் ஒருவர். உலகமெங்கும் சபைகள் இன்று பெரிய விழாக்களில் பாடும் ஒரு நன்றிப் பாட்டு அவர் அக்காலத்தில் எழுதியது. சாப்பாட்டுக்கு முன்பின்னாக வீட்டார் சொல்லும் சிறு செபமாகவே அதை அவர் எழுதினார். விழாவுக்கென்று எழுதவில்லை. அகதிகளால் நிறைந்த ஊரில், அன்று கிடைத்த ரொட்டிக்காக எழுதினார்.

நன்றி அன்றாடம் பழகும் ஒரு காரியம் என்பதற்காக இதைச் சொல்கிறோம். முகாமிலோ அடுத்தவர் வீட்டிலோ ரொட்டியும் சம்பலும் முன்னால் இருக்கும்போது, மொத்தமாக "எல்லாவற்றிற்கும் ஸ்தோத்திரம்" என்று சொல்லி முடிக்காமல், இன்று தண்ணீர் பிடித்து வந்தவர் பெயரையும் அடுப்பு மூட்டியவர் பெயரையும் சொல்லுங்கள். பிள்ளைகளைச் சொல்ல விடுங்கள். அவர்கள் நாம் கவனியாததைக் கவனித்திருப்பார்கள். இறந்தவர் பெயரைச் சொல்லி அழுகை வந்தால், அதுவும் அந்தச் செபத்தின் பகுதிதான். சொல்ல வாய் வராத நாளில் பேசாமல் சாப்பிடுங்கள். அடுத்தவர் உங்களுக்காகச் சொல்வார். சபை என்று ஒன்று இருப்பதே அதற்காகத்தான்.

கைப்பிடி அரிசி உங்களுக்குத் தெரிந்த பழக்கம். உலையில் போடுமுன் ஒரு பிடியை எடுத்து வேறாக வைப்பது. இந்தியாவின் மிசோரம் மலைகளில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 முதல் இதைச் செய்து வருகிறார்கள். பெரும்பாலும் ஏழைக் குடும்பங்கள். அந்தப் பிடி அரிசியிலிருந்தே ஊழியங்கள் பல நடந்தன. ஆனால் அரிசி அளந்து கிடைக்கும் முகாமில் ஒருவரும் தங்கள் பிள்ளையின் வாயிலிருந்து ஒரு பிடி எடுக்க வேண்டாம். இப்போது பிடி அரிசி வைக்க வேண்டியது காணி தப்பியவர்களின் முறை.

இம்முறைப் பண்டிகை பற்றி

இவற்றையெல்லாம் பேசி, அறுப்பின் பண்டிகையின் ஒழுங்கைச் சிறிது மாற்றியிருக்கிறோம். காணிக்கை படைக்குமுன் விரும்பிய குடும்பங்கள் தங்கள் கதையைச் சொல்லலாம். தமிழிலோ சிங்களத்திலோ, ஐந்து நிமிடமோ அரை நிமிடமோ. பேச விருப்பமில்லாதவர்கள் சும்மா வந்து உட்காரலாம். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். இறந்தவர்களின் பெயர்கள் குடும்பத்தாரின் சம்மதத்துடன் வாசிக்கப்படும். அதன்பின் ஒரு நன்றிப்பாட்டுக்கு முன் சிறிது மௌனம். எத்தனை நிமிடம் என்று குருவானவரும் நாங்களும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

ஏலம் இருக்கும். வரும் பணம் விதைக்கும் உரத்துக்குமாகத் திரும்பக் காணி செய்யத் தொடங்குவோருக்குப் போகும். அதைவிட முக்கியமாக, காணி தப்பியவர்கள் மரக்கறியோடு விதையும் கொண்டுவர வேண்டும் என்று கேட்கிறோம். போஞ்சி போன்றவற்றுக்கு அதிக இடம் வேண்டியதில்லை. லயத்தின் ஓரத்துத் துண்டு நிலத்திலும் இரண்டு மாதத்தில் காய் பறிக்கலாம். விதைக்கிழங்கு தருவதாயின் வாடல்நோய் கண்ட காணியிலிருந்து எடுக்க வேண்டாம். நல்ல மனதோடு கொடுத்த கிழங்கு மற்றவன் காணியையும் கெடுத்துவிடும்.

கூடை இல்லாத குடும்பங்களுக்கு முன்வரிசையில் இடம் வைத்திருக்கிறோம். வரும்போது ஒரு வெறும் பையோ சுருவமோ கொண்டுவாருங்கள். விதை கொடுப்பவர்கள் அதை நன்றாகக் காயவைத்து, ஈரமில்லாத கடதாசியில் சுற்றி, வகையின் பெயரையும் பறித்த மாதத்தையும் மேலே எழுதிவிட்டால் பங்கிடுவதற்கு வசதியாயிருக்கும்.